குளிராத நீலப் பை

ஜூன் 3, செவ்வாய்

கால் பிசகியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிசகிய பிறகு மைதானத்தில் கூடிய அறிவாளிகளைப் பொறுத்துக்கொண்டதற்குத்தான் எனக்கு விருது கொடுக்க வேண்டும். காலை ஆறரைக்கு எட்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தேன். கேபிள் பதிக்கத் தோண்டி, மூடாமல் விட்டுப்போன பள்ளத்தில் இடது கால் இறங்கி, கணுக்கால் மடங்கிவிட்டது. உடனே நாலு பேர். ஒருவர் வெந்நீர் ஒத்தடம் என்றார். ஒருவர் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடச் சொன்னார். எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர் என் காலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கவே வந்துவிட்டார். "கைய எடுய்யா" என்றேன். எடுத்தார்.

இந்தத் திண்டுக்கல்லில் முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். மாவட்டப் போட்டி என்றால் ஐஸ் கம்பெனியில் பாளம் வாங்கி, சாக்கில் சுற்றி, சுத்தியலால் உடைத்து, எத்தனை பையன்களின் கணுக்காலைக் காப்பாற்றியிருக்கிறேன். அடிபட்ட முதல் இரண்டு நாள் குளிர்ச்சி மட்டும்தான். சூடு கூடாது. தேய்க்கக் கூடாது. ஐஸுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு துணி. ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், பிறகு இரண்டு மணி நேரம் ஓய்வு. கால் தலையணை மேல் இருக்க வேண்டும். இது என்ன கம்பசூத்திரமா?

தனபாக்கியத்தை முபாரக் மெடிக்கலுக்கு அனுப்பி ஐஸ் பேக் வாங்கிவரச் சொன்னேன். நீல நிறப் பை, உள்ளே கொழகொழவென்று ஏதோ. ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு, "பக்கத்துல மீன் இருக்கே, பரவால்லயா?" என்று கேட்கிறாள். நாற்பத்தோரு வருஷமாக என் மனைவி இப்படித்தான் கேள்வி கேட்கிறாள்.

பிறகு காலைப் பார்த்து, "நான் வேணா லேசா நீவி விடட்டுமா?" என்றாள்.

"நீ என்ன டாக்டரா?" என்றேன். போய்விட்டாள்.

வீக்கம் பெரிதாகத்தான் இருக்கிறது. வலி அந்த அளவுக்கு இல்லை. பயிற்சி பெற்ற உடம்பு என்பது இதுதான். 22ஆம் தேதி மூத்தோர் தடகளம், ஐந்து கிலோமீட்டர் நடை. போன வருஷம் தபால் ஆபீஸ் சௌந்தரபாண்டி நடை என்ற பெயரில் ஓடி முதலில் வந்தான். இந்த வருஷம் விடுவதாக இல்லை.

ஜூன் 4, புதன்

பை குளிரவே இல்லை. இருபது நிமிஷம் வைத்தும் ஏதோ ஈரத்துணி போட்டதுபோல் இருக்கிறது. மட்டமான சரக்கு. திருப்பிக் கொடுக்கச் சொல்லி தனபாக்கியத்தை அனுப்பினேன். முபாரக் அதைக் கையில் வாங்கி, "பாட்டிமா, கை வைக்க முடியலயே, நல்லாத்தானே இருக்கு" என்றானாம். விற்பவன் வேறென்ன சொல்வான்? ஆனாலும் பழையதைத் திருப்பி வாங்காமலே புதிதாக இன்னொன்று கொடுத்துவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு.

ஜூன் 5, வியாழன்

இரண்டாவது பையும் அப்படியேதான். ஆக, கோளாறு ஃப்ரிட்ஜில்.

ஜூன் 6, வெள்ளி

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்தான். ஃப்ரீசருக்குள் ஒரு மீட்டரை வைத்து, டீ குடித்து, போனில் சிரித்துப் பேசிவிட்டு, "மைனஸ் பதினெட்டு காட்டுது சார், புது ஃப்ரிட்ஜே இப்படி வேலை செய்யாது" என்றான். அவன் மீட்டரும் முபாரக் கடையில் வாங்கியதாக இருக்கும். இவள் நாளுக்கு நாற்பது தடவை கதவைத் திறந்தால் எந்தப் பை குளிரும் என்று கேட்டேன். தனபாக்கியம் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் மொட்டை மாடிவரை மெதுவாக ஏறிப் பார்த்தேன். இறங்கி வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. மூன்றாவது படியிலேயே கிடந்தது. இப்போதெல்லாம் வார் வைத்து ஒழுங்காகத் தைக்கிறார்களா? கழன்றது தெரியாத அளவுக்கு லொடலொட. தனபாக்கியம் அதை எடுத்துக்கொண்டு வந்து, "சர்க்கரை டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வந்துடலாமே" என்றாள். செருப்புக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பொங்கலுக்கு முன்பு பார்த்ததுதான். எந்தப் பொங்கல் என்பது இங்கே முக்கியமில்லை.

ஜூன் 9, திங்கள்

வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு வைத்தியசாலை நடக்கிறது.

பதினோரு மணிக்குச் சமையலறையில் விளக்கெண்ணெய் வாசம். எட்டிப் பார்த்தால், கீழ்வீட்டுத் தையல்காரி ரெஜினா முக்காலியில் கழுத்தைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். தனபாக்கியம் பின்னால் நின்று கட்டைவிரலால் மேலிருந்து கீழே நீவிக்கொண்டிருக்கிறாள். மூன்று தடவை நீவுவது, கையை உதறுவது. மறுபடி மூன்று தடவை. படித்த வாத்தியார் வீட்டில் இந்தக் கூத்து.

"என்ன நடக்குது இங்க?" என்றேன்.

ரெஜினா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நாலு நாளா திரும்பாத கழுத்து சார். அக்கா கை பட்டு மூணாவது நாளே திரும்பிருச்சு. ரெட்டப்புள்ள பெத்தவங்க கைன்னா சும்மாவா?"

நான் அறைக்கு வந்துவிட்டேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பொற்கொடி. ஓசூரில் இருக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

இந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்கு போய்விடுமாம். எந்த எலும்பு மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. பிள்ளை பெறுவதற்கும் கட்டைவிரலுக்கும் நரம்பு எங்கே ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. சுளுக்கு ஐந்து நாளில் தானாகவே போகும். மூன்றாம் நாள் நீவினால் இரண்டு நாள் கழித்து நீவியவளுக்குப் பெயர்.

காலைச் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டேன். "யாரக் கேட்டு அவ கிட்டச் சொன்ன?"

தனபாக்கியம் சட்னியை நகர்த்தி வைத்தாள். "கழுத்தத் திருப்ப முடியாம அழுதுகிட்டு வந்தா. இந்தப் பக்கம் ரெட்டப்புள்ள பெத்தவங்க யாராவது இருக்காங்களாக்கான்னு கேட்டா. நான் இருக்கேன்னு சொன்னேன்."

"செத்துப் போனத வச்சு ஊருக்கு வைத்தியம் பாக்குறியா?"

"செத்தாலும் நான் பெத்ததுதானே."

சொல்லிவிட்டுத் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. மாவு சரியாகப் புளிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

உண்மையை எழுத எனக்கு என்ன பயம். இரண்டு பிறந்தது உண்மைதான். முப்பத்தொன்பது வருஷம் முன்னால், பெரியாஸ்பத்திரியில். முதலில் பொற்கொடி. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. ஒன்றேகால் கிலோ. நாலு மணி நேரம் இருந்தது. தனபாக்கியத்துக்கு வலிப்பு வந்து இரண்டு நாள் நினைவில்லை. ஆக வேண்டியதை நான் தனியாகப் பார்த்தேன். கண் விழித்தவள் கேட்டபோது, "இருக்கறதப் பாரு" என்றேன். அப்போது அதுதான் சரி. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவள் அழுதுகொண்டு கிடந்தால் யாருக்கு லாபம்? பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. பொற்கொடிக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது?

நாலு மணி நேரத்தைப் பிள்ளை என்று எண்ண வேண்டுமாம். அதை வைத்துக் கழுத்து நீவ வேண்டுமாம்.

ஜூன் 12, வியாழன்

வியாதிக்காரர்கள் கூடிவிட்டார்கள். ரெஜினாவுக்கு வாய் சும்மா இருக்குமா? இன்று மூன்று பேர். எண்ணெயை அவர்களே கொண்டுவர வேண்டும் என்பது சட்டமாம். வாசலில் செருப்புகள், கையில் எண்ணெய்க் கிண்ணங்கள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக வந்தது பி பிளாக்கிலிருந்து ஒரு பெண், கல்லூரியில் வாலிபால் ஆடுகிறவள். காலையில்தான் விரல் மடங்கியதாம், வீங்கியிருந்தது. இவளையும் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கெடுக்கப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தனபாக்கியம் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தேய்க்கக் கூடாதும்மா. ரெண்டு நாளைக்கு ஐஸ்தான். நடுவுல துணி வச்சுக்க, இருபது நிமிஷத்துல எடுத்துரணும். வீங்கினது வடிஞ்சப்பறம் வா" என்றாள். என் பாடம், எழுத்துப் பிசகாமல். சொன்னவள் அதோடு நிற்காமல் ஃப்ரீசரைத் திறந்து என் பையைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் மூன்று நிமிஷம்கூட வைத்திருக்கவில்லை. "ஆன்ட்டி, தாங்கல, விரலே மரத்துப் போச்சு" என்று கீழே வைத்துவிட்டாள். இந்தப் பையையா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. இவர்கள் ஆடித்தான் நாட்டுக்குப் பதக்கம் வரப்போகிறது.

தனபாக்கியம் பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. உங்க காலக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். நீவுவதற்கு ஆள் போதவில்லை போலும். காட்டவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கோளாறு பையிலும் இல்லை, ஃப்ரிட்ஜிலும் இல்லை. துணியில் இருக்கிறது. இவள் மடித்து வைப்பது நாலு மடிப்புத் தேங்காய்ப்பூத் துண்டு. அதைத் தாண்டி எந்தக் குளிர் வரும்? மதியம் துண்டை எறிந்துவிட்டு இரண்டு பைகளையும் பாதத்தின் இரு பக்கமும் வைத்து கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டினேன். விதி என்பது விதியைப் புரிந்துகொள்ளாத பையன்களுக்காகச் சொல்வது. நமக்குத் தெரியும் எங்கே விலக்கலாம் என்று.

சாப்பிட்ட அசதியில் கண் அசந்துவிட்டது. எழுந்தபோது நாலு மணி. தனபாக்கியம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று.

ஜூன் 14, சனி

பாதத்தின் வெளிப்புறமும் சுண்டுவிரலும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. தோல் ஊறியதால் இருக்கும். வலி துளிகூட இல்லை. முறையான சிகிச்சையின் பலன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மைதானத்தில் மூன்று சுற்று. வலி இல்லை. சௌந்தரபாண்டி வந்து, "கால் எப்படி சார்?" என்றான். "இருபத்திரெண்டாம் தேதி பாரு" என்றேன்.

வந்து ஷூவைக் கழற்றினால் சுண்டுவிரல் பக்கம் கொப்புளம். புது ஷூ கடித்திருக்கிறது. இனி வீட்டிலும் சாக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 17, செவ்வாய்

ஐந்து சுற்று. சாக்ஸில் ஈரம்.

தனபாக்கியம் வீடு துடைத்தவள் துணியைப் பிழியாமல் நின்றாள். "ஹால்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் சொட்டியிருக்கு. தண்ணி மாதிரி இல்ல. காட்டுங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"காட்டுங்க."

"உன் ரெட்டப்புள்ளக் கைய என் கால்ல வைக்காத" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். வாசலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற பெண்மணி அப்படியே திரும்பிப் போய்விட்டாள். இனி வரமாட்டார்கள். நிம்மதி.

தனபாக்கியம் துடைப்பதை முடித்தாள். சமைத்தாள். எனக்குப் பரிமாறினாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஷூவை மாட்ட உட்கார்ந்தேன். தனபாக்கியம் வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்து, கேட்காமல் என் இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உதறினேன். விடவில்லை. இத்தனை பலம் இந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாக்ஸை உரித்தாள். தோலும் கொஞ்சம் அதோடு வந்தது. நாற்றம் எனக்கே தெரிந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எண்ணெயும் எடுக்கவில்லை. "கண்ண மூடிக்கங்க. எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லுங்க" என்றாள்.

இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டேன். "பெருவிரல்" என்றேன். "ம்" என்றாள். "அதுக்குப் பக்கத்து விரல்." "ம்." "நடுவிரல். திரும்பவும் பெருவிரல்." எல்லாம் டாண் டாண் என்று சொன்னேன். அவள் 'ம்' சொல்வதை நிறுத்திவிட்டாள். "இப்பச் சுண்டுவிரல்" என்றேன். பதில் இல்லை. கண்ணைத் திறந்தேன்.

அவள் இரண்டு கைகளும் அவள் முகத்தில் இருந்தன. என் கால் மடியில் தனியாகக் கிடந்தது. எப்போது கையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ரெஜினா ஆட்டோ பிடித்து வந்தாள்.

ஜூன் 19, வியாழன். ஆஸ்பத்திரி

டாக்டர் என் மகளைவிடச் சின்னவள். பேச்சு மட்டும் ஹெட்மாஸ்டர் பேச்சு. "சர்க்கரை முந்நூத்தி நாப்பது சார். காலுல உணர்ச்சியே இல்ல. இந்தக் காலுல யாராவது ஐஸ் வைப்பாங்களா? பனி சுட்டுப் புண்ணாயிருக்கு. அதோட நடந்து வேற இருக்கீங்க. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை என்றேன். தனபாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் முப்பத்தோரு வருஷத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அவளுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விரல் நிற்குமா, பாதம் நிற்குமா என்பது ஒரு வாரத்தில் தெரியுமாம்.

ஜூன் 22, ஞாயிறு

சௌந்தரபாண்டி முதலாம். போனில் அவனே சொன்னான். நடந்தானா ஓடினானா என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் பிழைத்தது. அந்த விரலை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்று தனபாக்கியத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதும் சிரிப்பதற்காக இல்லை.

ஜூன் 28, சனி

பொற்கொடி நேற்று வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து முகம் சரியில்லை. என் காலுக்காக என்று நினைத்தேன். இன்று மதியம் கட்டு மாற்றிவிட்டு நர்ஸ் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தனபாக்கியம் கட்டிலின் கால்மாட்டில், கட்டின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கை இருந்தது எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் சொல்கிறேன்.

"அப்பா, ரெஜினாக்கா கிட்டப் பேசினேன்" என்றாள் பொற்கொடி. "எனக்குத் தம்பியா, தங்கச்சியா?"

வழக்கமாகச் சொல்வதற்கு என்னிடம் நூறு பதில் உண்டு. எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "தம்பி" என்றேன்.

"யாரு மாதிரி இருந்தான்?"

தனபாக்கியம் தலை நிமிர்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனைப் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். நர்ஸுகள் கண்டார்கள், அவர்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது. பெற்றவள் பார்க்கவில்லை. நான் காட்டவில்லை. அவள் விழிக்கும் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். முப்பத்தொன்பது வருஷமாக இவள் என்னிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி இதுதான். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்கம்மா மாதிரி" என்றேன். "நெத்தி அப்படியே. தலை நெறைய முடி. காது மட்டும் எங்கப்பா காது."

"அப்பறம்?" என்றாள் தனபாக்கியம்.

"ரிக்‌ஷாவுல மடியில வச்சுத்தான் கொண்டு போனேன். துண்டுல சுத்தியிருந்தேன். வழியில பாத்தா ஒரு கால் வெளியில வந்திருந்துச்சு. என் கட்டைவிரல் நீளம்கூட இல்ல. புடிச்சுப் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு." அழுதேன். மகள் முன்னால் அழுதேன். எழுத வெட்கமில்லை.

தனபாக்கியம் காத்திருந்தாள். நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கால மூடி விட்டீங்களா?"

"மூடினேன்" என்றேன்.

"நல்லாச் சுத்தி மூடினீங்களா?"

"நல்லாச் சுத்தி மூடினேன், பாக்கியம்."